ஜெயஜோதி அச்சகத்தில் ஓரெழுத்து பார்த்தல்

நல்லவன்கோட்டையில் கல்யாணம் ஆனவர்கள் எல்லாரும் ஒரே கல்யாணத்தின் நகல்கள்தான் என்று சொன்னால் அடிக்க வருவார்கள். வரட்டும், சொல்லாமல் விட்டால் கதை நகராது. பதினான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு வைகாசியில் கந்தவேல் என்பவருக்கும் சொர்ணலதா என்பவருக்கும் கல்யாணம் நடந்தது. ஜெயஜோதி அச்சகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்து முதன்முதலாக அடித்த பத்திரிகை அவர்களுடையது. அதற்குப் பிறகு நடந்த எந்தக் கல்யாணத்துக்கும் அங்கே புதிதாக ஒரு பத்திரிகை அடித்தது கிடையாது. கந்தவேல் பத்திரிகையைத் திறப்பார்கள், கந்தவேலைத் தேடி எடுத்துவிட்டு அந்த இடத்தில் புது மாப்பிள்ளையை வைப்பார்கள், சொர்ணலதாவைத் தேடி எடுத்துவிட்டுப் புதுப் பெண்ணை வைப்பார்கள், மாமாவுக்கு மாமா, அத்தைக்கு அத்தை, முடிந்தது வேலை. இதில் எங்காவது ஒரு மூலையில் கந்தவேல் மாட்டிக்கொண்டு மிஞ்சிவிடுவதும் உண்டு. மேலே மாப்பிள்ளை பெயர் இளங்குமரன் என்று இருக்கும். கீழே வரவேற்பு நிகழ்ச்சியில் கந்தவேல் உட்கார்ந்திருப்பார். அவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. பத்திரிகையில் பேர் போட்டுக் கூப்பிட்ட பிறகு போகாமல் இருந்தால் மரியாதையா என்று ஒவ்வொரு கல்யாணத்துக்கும் சலவை வேட்டி கட்டிக்கொண்டு முதல் பந்திக்கு வந்துவிடுவார்.

இந்தத் தேடி எடுத்துத் திருப்பி வைக்கிற வேலையைச் செய்கிறவள் மாதரசி. முப்பத்தேழு வயது, சாய்ந்த கையெழுத்து, கூட்டத்தில் ஏழாவது ஆளாக நின்றால் யாரும் கவனிக்காத ஒரு அமைதி. அந்த அமைதி பிறவியில் வந்தது இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன். அவள் முன்னால் இருந்த கம்ப்யூட்டரில் கறுப்புத் திரை ஒன்றுதான். மவுஸ் கெட்டுப்போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அச்சக முதலாளி மோசஸ் அண்ணாச்சியின் அக்காள் மகன் பெங்களூரிலிருந்து வந்தபோது ஓசியில் கிடைக்கிற எழுதும் மென்பொருள் ஒன்றை அதில் போட்டுக்கொடுத்துவிட்டு, “மவுஸே வேண்டாம் மாமா, எல்லாம் கட்டளைதான்” என்று சொல்லிவிட்டுப் போனான். அதிலிருந்து மாதரசிக்குக் கட்டளைதான் பாஷை. திரையின் அடிவரியில் ஒரு சாய்கோடு போட்டு, தேட வேண்டிய பெயரின் முதல் எழுத்தை அடித்தால் போதும், பத்திரிகையில் இருக்கிற பெயர் எதுவென்று பார்த்து மிச்ச எழுத்துகளை மங்கலான நிறத்தில் அதுவே எழுதிக் காட்டும். அதுதான் என்றால் என்டரைத் தட்டினால், கர்சர் நேராகப் போய் அந்தப் பெயரின் தலைமேல் நிற்கும். பத்திரிகையில் அப்படி ஒரு பெயரே இல்லை என்றால் ‘காணவில்லை’ என்று சிவப்பில் சொல்லிவிடும். அவ்வளவுதான் அதற்குத் தெரிந்தது, போன ஆவணி மாதம் வரைக்கும்.

போன ஆவணியில் ரைஸ்மில்காரர் ஆதிநாராயணன் தன் மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மாதரசி எல்லாப் பெயரையும் மாற்றி முடித்துவிட்டு, கந்தவேல் எங்காவது ஒளிந்திருக்கிறாரா என்று பார்க்க வழக்கம்போல சாய்கோடு போட்டு ‘க’ என்று அடித்தாள். மங்கலாக வந்தது கந்தவேல் இல்லை. கனகவல்லி என்று வந்தது. பத்திரிகையில் அப்படி ஒரு பெயர் இல்லை என்று அடித்த அவளுக்குத் தெரியும். என்டரைத் தட்டினாள். கர்சர் பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் போய் நின்றது, அங்கே கனகவல்லி உட்கார்ந்திருந்தாள், அடித்த மாதிரியே, அதே எழுத்தில், அதே அளவில்.

“கனகவல்லி யாரு அண்ணாச்சி?” என்று மாதரசி மெதுவாகக் கேட்டாள்.

ஆதிநாராயணனுக்கு முகம் வேர்த்துவிட்டது. கனகவல்லி அவருடைய கூடப்பிறந்த அக்காள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு காதுகுத்து விருந்தில் அந்த அம்மாள் இலைக்கு அப்பளம் வராமல் போய்விட்டது. நாலு தடவை கேட்டும் வரவில்லை. எழுந்து போனவள்தான், அன்றைக்கிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. “அழி, அழி” என்றார் ஆதிநாராயணன். மாதரசி அழித்தாள், போய்விட்டது. ப்ரூஃப் எடுத்தாள், தாளில் இருந்தது. மறுபடி அழித்து மறுபடி எடுத்தாள், மறுபடியும் இருந்தது, இந்தத் தடவை பக்கத்தில் ‘அத்தை’ என்றும் சேர்ந்திருந்தது. மூன்றாவது ப்ரூஃபைக் கையில் வாங்கிய ஆதிநாராயணன் செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் எழுந்து போனார். நேராக அக்காள் வீட்டுக்குத்தான் போனார், போகிற வழியில் இரண்டு கட்டு அப்பளம் வாங்கிக்கொண்டு.

ஊர் ஆச்சரியப்பட்டிருக்கும் என்று நினைத்தால் தப்பு. கம்ப்யூட்டருக்கு எல்லாம் தெரியும், கம்ப்யூட்டருக்கு எல்லாம் தெரியும் என்று பள்ளிக்கூடத்திலும் தாலுகா ஆபீசிலும் இருபது வருஷமாக அவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அதனால் அதற்கு இதுவும் தெரிந்திருந்தது என்று கேள்விப்பட்டபோது, இத்தனை நாள் ஏன் சொல்லாமல் இருந்தது என்றுதான் கோபப்பட்டார்கள். ஐப்பசிக்குள் அது ஒரு சடங்காகிவிட்டது. பெண் பார்ப்பது, நிச்சயம் பண்ணுவது, அதற்கு அடுத்தது ‘ஓரெழுத்து பாக்கது’. குடும்பத் தலைவர் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழத்தோடு சம்பந்தி வீட்டாரைக் கூட்டிக்கொண்டு அச்சகத்துக்கு வருவார், கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார், மாதரசி சாய்கோடு போட்டுக் கொடுப்பாள், அவர் தன் விரலால் தனக்குப் பிடித்த ஒரே ஒரு எழுத்தை அழுத்துவார். யாரை விட்டாரோ அவர் பெயர் வந்து நிற்கும். வாசலில் ஒரு பூக்காரி கடை போட்டாள். மோசஸ் அண்ணாச்சி பைபிளைத் தொட்டுக்கொண்டு, “இதுக்கெல்லாம் நான் சாம்பிராணி போடமாட்டேன், ஆனா போடுறவங்களைத் தடுக்கவும் மாட்டேன்” என்று அறிவித்தார். கல்யாண மண்டப மேனேஜர், ஓரெழுத்து பார்த்த பத்திரிகை கொண்டுவந்தால்தான் மண்டபத்துச் சாவி என்று போர்டே எழுதி மாட்டிவிட்டார், ஏனென்றால் பந்தியில் சண்டை வந்தால் உடைவது அவருடைய நாற்காலி.

மனுசன் என்றால் சாமர்த்தியம் இருக்காதா? ஒருத்தர் எதற்கு வம்பு என்று சொந்தம் மொத்தத்தையும் தானே போட்டுவிட்டார். நானூற்றுப் பன்னிரண்டு பெயர், பத்திரிகையை விரித்தால் பாய் மாதிரி கிடந்தது, தபால்காரர் அதை மடிக்கத் தெரியாமல் வீட்டுக்கு வீடு வாசலில் நின்று சாபமிட்டார். அதற்கும் கடைசியில் ஓரெழுத்து பார்த்தபோது பிரசவம் பார்த்த நர்சம்மா பெயர் வந்து நின்றது, அது வேறு விஷயம். போகப்போக, பத்திரிகையில் மெஷின் போட்ட பெயர் என்றால் அதற்கு ஒரு கௌரவம் வந்துவிட்டது. “உங்களை அவுகதான போட்டாக, என்னை மெஷினே போட்டுச்சு பாத்தீகளா” என்று காலரைத் தூக்கிக்கொண்டார்கள். உடனே ஒரு வாத்தியார், தாய்மாமனுக்கு அந்தப் பெருமை கிடைக்கட்டும் என்று வேண்டுமென்றே அவர் பெயரை விட்டுவிட்டு வந்து எழுத்தை அழுத்தினார். மெஷின் என்ன கேணையா? அது தாய்மாமனைத் தொடவே இல்லை, மாடிவீட்டில் குடியிருந்து போன ஒரு பாட்டு டீச்சரைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டது. தாய்மாமன் இல்லாமல் பத்திரிகை அடித்தாகிவிட்டது, தாய்மாமன் கல்யாணத்தன்று மண்டப வாசலில் ஆட்டோவை விட்டு இறங்காமலே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

இன்னொரு விஷயமும் ஊருக்குத் தெரிந்துபோயிற்று. விட்டவர்கள் வந்து எழுத்தை அழுத்தினால்தான் அது சொல்லும். விடப்பட்டவர்கள் வந்தால் வாயைத் திறக்காது. டெய்லர் சங்கிலிராஜன் தன் மச்சினி கல்யாணப் பத்திரிகையில் தன் பெயர் இல்லை என்று ஏழு நாள் நடையாய் நடந்து, ‘ச’ என்று அழுத்தி அழுத்திப் பார்த்தார். ஒன்றும் மங்கலாக வராது. முழுப் பெயரையும் அவரே அடித்து முடிப்பார், என்டரைத் தட்டுவார், ‘காணவில்லை’ என்று சிவப்பில் வரும். எட்டாம் நாள் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நான் இருக்கேன்னு நானே சொன்னா அதுக்கு மதிப்பு இல்லபோல” என்று சொல்லிவிட்டுப் போனார். மாதரசிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தனக்கும் அந்த நாற்காலியில் உட்கார ஒரு நாள் வரும் என்று அவள் நினைக்கவில்லை.

வந்தது. தை பிறந்ததும் அவளுடைய தங்கை பேச்சிரேவதிக்குக் கல்யாணம் நிச்சயமானது. தங்கை என்று பேருக்குச் சொல்வதுதான். அம்மா போகும்போது அவளுக்கு நாலு வயது, மாதரசிக்குப் பதினாலு. தலை பின்னி, பேன் பார்த்து, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டு, மூன்று தடவை கணக்கில் பெயிலானபோது மூன்று தடவையும் ஹெட்மாஸ்டரிடம் திட்டு வாங்கி, அவளை வளர்த்து ஆளாக்கியது மாதரசிதான். அவர்களுடைய அப்பா வெயிலுமுத்து, அரசாங்க பஸ்ஸில் முப்பத்தொரு வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலும் அவருக்குப் பஸ்தான்; சாப்பிட உட்கார்ந்தால் “உள்ள தள்ளிப் போ, உள்ள தள்ளிப் போ” என்பார், சாப்பாடு போதும் என்றால் விசில் அடிப்பார்.

அவர் பத்திரிகைக்குப் பெயர் சொல்லச் சொல்ல மாதரசி வீட்டிலேயே ஒரு நோட்டில் எழுதினாள். பெரியப்பா, சித்தப்பா, அத்தைமார் நாலு பேர், டிப்போ மேனேஜர், செக்கிங் இன்ஸ்பெக்டர், பழைய டிரைவர் தவசிப்பழம், அவர் சம்சாரம், இருபத்தாறு பெயர். இருபத்தாறாவது பெயருக்குக் கீழே பேனாவை வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள்.

“அவ்வளவுதான்” என்றார் வெயிலுமுத்து.

“அவ்வளவுதானாப்பா?”

“வேற யாரு இருக்கா?”

பேச்சிரேவதி அடுப்படியிலிருந்து வெளியே வந்து, “அக்கா பேரு எங்கப்பா?” என்றாள்.

வெயிலுமுத்து மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தார். “ஏட்டி, கோவப்படாதீக ரெண்டு பேரும். ஐந்நூறு வீட்டுக்குப் பத்திரிகை போகுது. மூத்தவ பேரு அதுல இருந்தா ஐந்நூறு வீட்லயும் கேப்பாக. மூத்தவ இருக்கும்போது இளையவளுக்கு எப்படி, மூத்தவளுக்கு ஏன் ஆகல, என்ன குறை, எத்தனை இடம் வந்துச்சு. பதினைஞ்சு வருஷமா பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கு. மாதரசி வீட்டு ஆளுதான? வீட்டு ஆளுக்கு எதுக்குப் பேரு?”

மாதரசி நோட்டை மூடினாள். பேச்சிரேவதி, “அப்ப எனக்குக் கல்யாணமே வேண்டாம்” என்று ஒரு பாட்டம் அழுதாள். “சும்மா இரு, உனக்கு என்ன தெரியும்” என்று அவளை அடக்கியது மாதரசிதான், அதுவும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில்.

அந்த அமைதியைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். மாதரசிக்கு ஆண்டவன் கொடுத்த தொண்டை வேறு. இருபத்திரண்டு வயதில் முதல் இடம் பார்க்க வந்தபோது, “வாங்க” என்று அவள் சொன்ன சொல்லில் மாப்பிள்ளையின் அப்பா கையிலிருந்த டீ வேட்டியில் கொட்டியது. இரண்டாவது இடத்தில், “பொண்ணு பாடுமா?” என்று கேட்டார்கள், பாடினாள், எதிர்வீட்டுக் கைக்குழந்தைகள் இரண்டும் ஒரே நேரத்தில் எழுந்துகொண்டன. மூன்றாவது இடத்துக்காரர்கள் போன பிறகு வெயிலுமுத்து அவளைக் கூப்பிட்டு, “இனிமே மெதுவாப் பேசு” என்றார். அவள் மெதுவாகப் பேசினாள். நாலாவது இடம், அஞ்சாவது இடம், பன்னிரண்டாவது இடம் வரைக்கும் மெதுவாகப் பேசிப் பேசி, பிறகு இடங்களும் நின்றுபோய், மெதுவாகப் பேசுவது மட்டும் நிற்காமல் தங்கிவிட்டது. அப்படித்தான் அவள் பேச்சே தேவைப்படாத ஒரு வேலைக்கு வந்து, கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, எல்லாருடைய பெயரையும் அடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அச்சகத்தைத் திறந்ததும் தங்கையின் பத்திரிகையை அடித்து முடித்தாள். மோசஸ் அண்ணாச்சி இன்னும் வரவில்லை. சங்கிலிராஜனுக்கு நடந்தது தெரியும், ஏழு நாளும் கூடவே இருந்து பார்த்தவள், தெரிந்தும் சாய்கோடு போட்டாள். ‘மா’ என்று அடித்துவிட்டுக் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. ‘மாத’ என்று அடித்தாள். “வந்தா என்ன குறைஞ்சா போயிருவ?” என்று அதனிடம் கேட்டாள். ‘மாதர’ என்று அடித்தாள். ஊரில் அப்பளத்துக்குக் கோபித்தவர்களை எல்லாம் ஒரே எழுத்தில் கண்டுபிடித்த மெஷின், அவளைக் கடைசி எழுத்து வரைக்கும் அவளையே அடிக்கவிட்டு, என்டரைத் தட்டியதும் ‘மாதரசி: காணவில்லை’ என்று சிவப்பில் சொன்னது.

“பத்து வருஷமா உனக்குத் தூசி தொடைச்சிருக்கேன்டா நன்றிகெட்டவனே” என்று சொல்லி அவள் மானிட்டர் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். தானே உள்ளே போய் அந்தப் பெயரை அடித்துவிடலாம், யாருக்கும் தெரியாது, எழுத்துக்கு எழுத்து அவள் கை. விரலைக்கூட வைத்துவிட்டாள். ஆனால் சங்கிலிராஜன் சொன்னது காதில் கேட்டது. விரலை எடுத்துக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

அப்போது உள்ளே வந்த மோசஸ் அண்ணாச்சி திரையில் இருந்த சிவப்பு வரியைப் படித்துவிட்டார். படித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. ஃபேனைப் போட்டுவிட்டு, “யம்மா, நாளைக்கு உங்கப்பா ஓரெழுத்து பாக்க வரணும். வராம சாவி கிடைக்காது, தெரியும்லா” என்று மட்டும் சொன்னார்.

வெயிலுமுத்துவுக்கும் அது தெரியும். ராத்திரியெல்லாம் யோசித்து அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். முப்பத்தொரு வருஷம் டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்தவர், ஒரு மெஷினிடம் மாட்டிக்கொள்வாரா? ‘ம’ பக்கமே போகக் கூடாது. வேறு எழுத்து எதை அழுத்தினாலும் அதில் யாராவது ஒருத்தரை விட்டிருக்கலாம், அந்த வம்பும் வேண்டாம். குடும்பத்தில் ஒருத்தருக்கும் இல்லாத எழுத்தாகப் பார்த்து அழுத்திவிட்டால், ஒன்றும் வராது, சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். அப்படி ஒரு எழுத்தை அவர் கண்டுபிடித்து மனதுக்குள் மடித்து வைத்திருந்தார்.

காலை பத்தரைக்கு நல்ல நேரம். தாம்பாளத்தோடு வெயிலுமுத்து வந்தார், மாப்பிள்ளையின் தாய்மாமா வந்தார், பேச்சிரேவதி அழுத முகத்தோடு வந்தாள், சடங்கைப் பார்க்கப் பூக்காரியும் எட்டிப் பார்த்தாள், எந்தப் பத்திரிகை என்றாலும் தனக்குப் பங்கு உண்டு என்பதுபோலக் கந்தவேலும் வாசலில் நின்றுகொண்டிருந்தார். மாதரசி சாய்கோடு போட்டுவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தாள். வெயிலுமுத்து உட்கார்ந்து, ஆள்காட்டி விரலை நீட்டி, கீபோர்டு மேலே பருந்து மாதிரி இரண்டு சுற்றுச் சுற்றினார்.

“ஏட்டி, ‘ட’ எங்க இருக்கு?”

“டவா?” என்றார் தாய்மாமா. “டவுல என்ன சம்பந்தி பேரு இருக்கு? டவுசரா?”

எல்லாரும் சிரித்தார்கள். “எனக்குப் பிடிச்ச எழுத்து அதுதான். பிடிச்ச எழுத்தைத்தான அமுக்கச் சொல்லியிருக்கு?” என்றார் வெயிலுமுத்து.

மாதரசிக்கு அப்பாவின் கணக்கு புரிந்துவிட்டது. எத்தனை எழுத்தைத் தாண்டி, எவ்வளவு தூரம் போய், தன்னை விட்டு ஒதுங்கி நிற்கிறார் என்று பார்த்தாள். ஆனாலும் குனிந்து அவர் விரலைப் பிடித்து, ‘ட’ இருக்கிற கட்டையின்மேல் அவளே வைத்துக்கொடுத்தாள். அவர் அழுத்தினார்.

அடிவரியில் ‘ட’ வந்தது. அது தனியாக ஒரு நொடி நின்றது. வெயிலுமுத்து எழுந்திருக்கக் கையை ஊன்றினார். அதற்குள் அதன் பின்னால் மங்கலாக மூன்று எழுத்து ஒவ்வொன்றாக ஊர்ந்து வந்து சேர்ந்துகொண்டது.

“டமாரம்” என்று மோசஸ் அண்ணாச்சி எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“டமாரமா? மேளக்காரருக்குச் சொல்ல மறந்துட்டீகளோ சம்பந்தி?” என்றார் தாய்மாமா.

“எதாவது கடைப் பேரா இருக்கும்” என்றாள் பூக்காரி.

மாதரசிக்கு என்டரைத் தட்ட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. கர்சர் தானாகவே குதித்துப் போய், ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்ற வரிக்குக் கீழே, டிப்போ மேனேஜருக்கும் பெரியப்பாவுக்கும் மேலே, முதல் ஆளாக நின்றது.

வெயிலுமுத்து ஊன்றிய கையை எடுக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை, உட்காரவும் இல்லை, பாதியில் நின்றார். முப்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை ஆறு பத்து பஸ்ஸுக்கு அவர் டூட்டி. பஸ் ஸ்டாண்டில் ஆள் ஏற்றிக்கொண்டு, புறப்பட விசிலை வாயில் வைத்திருக்கிறார். இரண்டு தெரு தாண்டி இருக்கிற ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு குழந்தை வீறிடுகிற சத்தம். யாரும் வந்து சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்துவிட்டது. பையைத் தவசிப்பழம் டிரைவர் மடியில் போட்டுவிட்டு, “ஏய், எங்க வீட்டு டமாரம் வந்துட்டு, இறங்கு இறங்கு” என்று யாரை இறங்கச் சொல்கிறோம் என்று தெரியாமல் தானே குதித்து இறங்கி ஓடினார். அந்தப் பஸ்ஸில் அன்றைக்கு இருந்த ஐம்பத்தெட்டுப் பேரும் அரை மணி நேரம் காத்திருந்தார்கள். பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போகும்வரை டமாரம், பெரிய மனுசியான பிறகும் டமாரம், தெருமுனையிலிருந்து “டமாரம்!” என்று அவர் கூப்பிட்டால் “எப்பா!” என்று வீட்டுக்குள்ளிருந்து வருகிற பதிலில் காக்காய்கள் பறக்கும். மூன்றாவது இடத்துக்காரர்கள் போன அன்றைக்குத்தான் அந்தப் பெயரை அவர் கடைசியாகக் கூப்பிட்டது. மெதுவாகப் பேசச் சொல்லிவிட்டு, அந்தப் பெயரை வைத்து எப்படிக் கூப்பிடுவது?

“என்ன சம்பந்தி, யாரு அது?” என்றார் தாய்மாமா மறுபடியும்.

வெயிலுமுத்துவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க விசில் அடிக்கிற மாதிரி வாயைக் குவித்தார், சத்தம் வரவில்லை. “அழிச்சிரு” என்றார்.

பேச்சிரேவதி, “அப்பா!” என்று கத்தினாள்.

“சும்மா இரு. சொல்லி முடிக்க விடு.” அவர் மாதரசியின் பக்கம் திரும்பினார். “அதை அழிச்சிட்டு முழுப் பேரைப் போடு. மூத்த மகள் வெ. மாதரசின்னு போடு. அது வந்து நின்ன அதே இடத்துல போடு, மேனேஜர் எல்லாம் கீழ போகட்டும். சின்ன எழுத்துல போட்டுராதட்டி.”

“ஐந்நூறு வீட்லயும் கேப்பாகளேப்பா” என்றாள் மாதரசி. குரல் வெளியே வரவே இல்லை.

“கேக்கட்டும். இனிமே நான் பதில் சொல்லல. நீயே சொல்லு. உனக்குத்தான் தொண்டை இருக்கே.” சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார். “மெதுவாச் சொல்லாத.”

அழித்தாள். ‘மூத்த மகள் வெ. மாதரசி’ என்று அடித்தாள். எத்தனையோ ஆயிரம் பெயர் அடித்த கை, தன் பெயரில் இரண்டு தப்பு விட்டுத் திருத்தியது. ப்ரூஃப் எடுத்தபோது மெஷின் தன் வழக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. தாளில், ‘மூத்த மகள் வெ. மாதரசி என்ற டமாரம்’ என்று இருந்தது. மோசஸ் அண்ணாச்சி வெயிலுமுத்துவைப் பார்த்தார். வெயிலுமுத்து, “ரைட், போகலாம்” என்றார்.

அந்தப் பத்திரிகைதான் ஐந்நூறு வீட்டுக்கும் போனது. நாதஸ்வர நிகழ்ச்சி என்ற வரியில் கந்தவேலும் இருந்தார். அழுகிற அவசரத்தில் அவரை அவள் தேட மறந்துவிட்டாள்.

பங்குனியில் கல்யாணம். தாலி கட்டி முடித்து முதல் பந்தி போட்டபோது மண்டபம் முழுக்க ஒரே கேள்விதான் ஓடியது. மூத்தவளுக்கு ஏன் ஆகவில்லை என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. எல்லாரும் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு அதையே கேட்டார்கள், இதில் டமாரம் யாரு, டமாரம் யாரு. சாம்பார் வாளியோடு கடைசி வரிசையில் நின்ற மாதரசியின் காதில் அது விழுந்தது. முன்வரிசையில் வெயிலுமுத்து இலைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு கவளத்தைக் கையில் வைத்தபடி அவளையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாளியைக் கீழே வைத்தாள், மூச்சை இழுத்தாள், பதினைஞ்சு வருஷமாகப் பூட்டி வைத்திருந்ததை எடுத்தாள்.

“நான்தான்!”

டியூப்லைட் இரண்டு அணைந்து எரிந்தன. கந்தவேல் இலையிலிருந்த அப்பளம் தானாக நொறுங்கியது. இரண்டு தெரு தாண்டி பஸ் ஸ்டாண்டில், பத்தே முக்கால் பஸ்ஸை எடுப்பதற்கு விசிலை வாயில் வைத்த கண்டக்டர் அதை எடுத்துவிட்டு, டிரைவரிடம், “கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி, யாரோ வாராக” என்றான்.